சூர்யகலா போட்ட கமென்ட்

சூர்யகலாவுக்குப் படிக்கிற வியாதி உண்டு. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டாள், எழுத்தை விடவில்லை. மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடியெழுத்துத் தாள், உரமூட்டையின் முதுகு, பஸ்சில் டிரைவர் தலைக்கு மேல் எழுதியிருக்கும் புத்திமதி, கல்யாணப் பத்திரிகையின் அடியில் இருக்கும் அச்சகத்தின் பெயர் என்று எதையும் கடைசி வரி வரைக்கும் பார்க்காமல் கீழே வைக்கமாட்டாள். "எங்க வீட்ல தீப்பெட்டி வாங்குனா அன்னைக்கு அடுப்பு பத்தாது. அட்டையில உள்ளத அவ படிச்சு முடிக்கணும்ல" என்று புருஷன் விஜயகுமார் டீக்கடையில் சொல்லிச் சிரிப்பான்.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு தடவை, படிக்க வேண்டியதைப் படிக்காமல் எழுதிவிட்டாள். அதனால் வந்த வம்பையும், அந்த வம்பை அவள் விடாமல் இழுத்துப் பிடித்ததையும்தான் சொல்லப்போகிறேன்.

அவளுக்கு ஏலக்காய்த் தோட்டத்தில் வேலை. விடியற்காலையில் போடியில் ஜீப்பு ஏறி, மலைப்பாதையில் வளைந்து வளைந்து போடிமெட்டு தாண்டி, கேரளத்துப் பக்கத் தோட்டத்தில் காய் எடுத்துவிட்டு, பொழுது சாய அதே ஜீப்பில் திரும்புவாள். அவள் தெருவில் பாதிப் பெண்களுக்கு இதுதான் சோலி. ஜீப்பு ஓட்டுகிற பேச்சிமுத்துவும் அதே தெருக்காரன்தான், அவளை மதினி என்று கூப்பிடுகிறவன். இவர்களையெல்லாம் சேர்த்துத் தோட்டத்துக்கு அனுப்புகிற ஏஜென்ட் மலைச்சாமி. இரண்டு ஜீப்பில் போகவேண்டிய ஆட்களை ஒரே ஜீப்பில் திணித்து அனுப்புகிற வித்தையில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. உள்ளே ஒருத்தி மடியில் ஒருத்தி உட்கார்ந்திருப்பார்கள். மிச்சப் பேர் பின்படியில் நின்று கம்பியைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஆடி மாதச் சாரலில் ஒருநாள் காலை, கொண்டை ஊசி வளைவொன்றில் காய்கறி லோடு லாரி எதிரே வந்துவிட்டது. பேச்சிமுத்து பிரேக்கை மிதித்தான். பின்படியில் நின்ற செல்லத்தாய் கம்பியிலிருந்து கை நழுவி ரோட்டில் விழுந்தாள். லாரி அவளுக்கு ஒரு முழத் தூரத்தில் நின்றது. உயிர் தப்பியது, கால் முறிந்துபோனது.

ஆஸ்பத்திரியில் கேட்டால் பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லச் சொன்னான் மலைச்சாமி. அப்படிச் சொன்னால் வைத்தியத்தைத் தான் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தான். செல்லத்தாய் வீட்டில் பாத்ரூமே கிடையாது, தெருக்கோடிக் குழாயடிதான். ஆனாலும் அவள் அப்படியே சொன்னாள். ஜீப்பில் இருந்த மற்றவர்களும், சூர்யகலா உட்பட, வாயைத் திறக்கவில்லை. அடுத்த நாளும் அதே ஜீப்பில்தானே ஏற வேண்டும்.

ஆனால் செல்லத்தாய்க்குப் பதிலாக அவள் மகள் முத்துப்பிரியா தூக்குவாளியோடு வந்து நின்றாள். பிளஸ் டூ முடித்துவிட்டு நர்சிங் படிப்புக்கு எழுதிப் போட்டுக் காத்திருந்த பிள்ளை. புதிதாக வருகிறவர்களுக்கு உள்ளே இடம் கிடையாது என்பது ஜீப்பின் சட்டம். அதனால் தாய் எந்தப் படியிலிருந்து விழுந்தாளோ அதே படியில் மகள் ஏறி நின்றாள்.

"உள்ள வாத்தா, எம் மடியில உக்காரு" என்று கூப்பிட்டாள் சூர்யகலா.

"வேணாம் அத்த. உள்ள உக்காந்தா எனக்கு வாந்தி வரும்" என்றாள் முத்துப்பிரியா.

பொய். அவள் உள்ளே வந்தால் உள்ளே இருக்கிற ஒருத்தி படிக்குப் போக வேண்டும், அது அவளுக்குத் தெரியும். மலை முழுக்க அந்தப் பிள்ளையின் கைவிரல்களையே பார்த்துக்கொண்டு போனாள் சூர்யகலா. ஒவ்வொரு வளைவிலும் அவை கம்பியில் வெளுத்துப்போயின. இந்தப் பிள்ளையை இந்தப் படியிலிருந்து இறக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் போனைத் திறந்தாள். மாவட்டக் காவல்துறையின் பேஸ்புக் பக்கத்தை அவள் ரொம்ப நாளாகப் பார்த்து வருகிறாள். அன்றைக்குத் தலைக்கவசம் போடச் சொல்லி ஒரு படம் போட்டிருந்தார்கள். அதன் கீழேயே தன் கமென்ட்டைப் போட்டாள். காலையில் எடுத்த ஜீப்பின் படம், அதில் எல்லாப் பெண்களின் முகமும் பளிச்சென்று தெரிந்தது. கூடவே பேச்சிமுத்துவின் பெயரும் போன் நம்பரும். மலைச்சாமியின் பெயருக்கு முன்னால் எழுத்தில் கொண்டுவர முடியாத ஒரு வார்த்தையை எழுத்தில் கொண்டுவந்திருந்தாள். செல்லத்தாய் எந்தத் தெருவில் எந்த வீட்டில் கால் ஒடிந்து கிடக்கிறாள் என்பதையும் விடவில்லை. "நீங்க தலக்கவசத்த மாட்டிக்கிட்டு நல்லாத் தூங்குங்க" என்று போலீசுக்கு ஒரு குட்டும் வைத்து முடித்திருந்தாள். எழுதி முடித்ததும் மனசு லேசானது. வயிறாரச் சாப்பிட்டாள்.

காலையில் பார்த்தால் கமென்ட்டைக் காணோம். மறுபடி போட்டாள், மறுபடி காணோம். மூன்றாவது முறை போடப் பார்த்தால் போகவே இல்லை.

"பாத்தீங்களா, மலைச்சாமி எல்லாரையும் கைக்குள்ள போட்டுக்கிட்டான்" என்று விஜயகுமாரிடம் பொருமினாள்.

"நீ எழுதுன அந்த வார்த்தைக்கு நான் போலீசா இருந்தாலும் தூக்கியிருப்பேன்" என்றான் அவன். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கமென்ட் மறைந்ததென்னவோ உண்மை. ஆனால் மறைவதற்குள் எவனோ அதைப் படம் பிடித்துவிட்டான். அது வாட்ஸாப்பில் ஏறி ஊரைச் சுற்றி, மலைச்சாமியின் கைக்கே போய்ச் சேர்ந்தது. அவன் நேராகச் செல்லத்தாய் வீட்டு வாசலில் வந்து நின்று தெருவே கேட்கக் கத்தினான். பாத்ரூமில் விழுந்தேன் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தவள் இப்போது ஜீப்பில் விழுந்தேன் என்று ஊரெல்லாம் போடுகிறாளா, இனி மருந்து மாத்திரைக்கு என் பக்கம் வராதே என்று சொல்லிவிட்டுப் போனான். அது போதாதென்று, படியில் நின்ற முத்துப்பிரியாவை மட்டும் படத்திலிருந்து தனியாக வெட்டி எடுத்து, கண்டதையும் எழுதி ஒரு கழிசடை நாலு குரூப்பில் அனுப்பியிருந்தான்.

விஷயம் கேள்விப்பட்டுச் சூர்யகலா ஓடினாள். செல்லத்தாய் மாவுக்கட்டுக் காலைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தாள். இரண்டு பேரும் ஒரே வயசுக்காரிகள், ஒரே வருஷம் இந்தத் தெருவுக்கு வாழ வந்தவர்கள்.

"ஏண்டி, எழுதுறதுக்கு முன்னால எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றாள் செல்லத்தாய்.

"ஒனக்காகத்தானேடி எழுதுனேன்."

"எனக்காகன்னா எங்கிட்டயில்ல கேக்கணும்? எம் பேரு, எந் தெரு, எங் காலு, எம் மக மொகம். ஒன்னு பாக்கியில்லாம ஊருக்குக் கூறு போட்டுக் குடுத்துட்ட. பிள்ள ரெண்டு நாளா சோறு திங்கல."

சூர்யகலா உள்ளறையை எட்டிப் பார்த்தாள். முத்துப்பிரியா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தான் நல்லது செய்ததாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டிருந்த அந்த இரண்டு நாளையும் நினைத்துச் சூர்யகலாவுக்கு உடம்பு கூசியது. வீட்டுக்கு வந்து, விளக்குக்கூடப் போடாமல் உட்கார்ந்து அழுதாள்.

அழுது முடித்தபின்தான் போனில் கவனிக்காமல் விட்ட ஒரு செய்தி கண்ணில் பட்டது. காவல்துறைப் பக்கத்திலிருந்து வந்திருந்தது. 'தங்கள் பதிவு பக்க விதிகளுக்கு முரணாக உள்ளதால் மறைக்கப்பட்டுள்ளது. விதிகளைப் படித்துவிட்டு உரிய முறையில் தொடர்புகொள்ளவும்.' கீழே ஒரு சுட்டி. அமுக்கினாள். நீளமாகத் திறந்தது.

தீப்பெட்டியைக்கூட விடாதவள், இத்தனை நாளும் அந்தப் பக்கத்தின் முகப்பிலேயே இருந்த இதைப் படித்ததில்லை. இப்போது படித்தாள். இந்தப் பக்கம் இருபத்து நான்கு மணி நேரமும் கவனிக்கப்படுவதில்லை, அவசரமென்றால் போனில் அழையுங்கள் என்றது. புகாரைக் கமென்ட்டில் எழுதாதீர்கள், தனிச் செய்தியில் அனுப்புங்கள் என்றது. பிறருடைய முகம், பெயர், முகவரி, தொலைபேசி எண்ணை வெளியிடக் கூடாது, பாதிக்கப்பட்டவர்களை அடையாளம் காட்டவே கூடாது, வசைச்சொல் கூடாது, ஒன்றையே திரும்பத் திரும்பப் போடக் கூடாது. வாகனம் பற்றிய தகவலென்றால் வண்டி எண், இடம், நாள், நேரம் தெரிய வேண்டும். சர்க்கார் தமிழ் கொஞ்சம் முரடுதான், ஒவ்வொரு வாக்கியமும் தார் உருளை வண்டி ஏறிவிட்டுப் போனது மாதிரி இருந்தது. ஆனால் சொன்னது விளங்கியது. எதையெல்லாம் செய்யாதே என்று அதில் போட்டிருந்ததோ அத்தனையையும் அவள் ஒரே கமென்ட்டில் செய்து முடித்திருந்தாள். செய்யச் சொன்னதில் ஒன்றைக்கூடச் செய்யவில்லை. இடமும் நேரமும் எழுதாமல் போலீசைத் தூங்குகிறாய் என்று திட்டினால் அவர்கள் எந்த ரோட்டில் போய் நிற்பார்கள்?

பாதிக்கப்பட்டவர்களை அடையாளம் காட்டக் கூடாது என்ற வரியை மட்டும் அவள் மூன்று நான்கு தடவை படித்தாள். அது யாருக்காக எழுதப்பட்டது என்பதை அன்றைக்குத்தான் செல்லத்தாய் வீட்டில் கண்ணால் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

வேறொருத்தியாக இருந்தால் போதுமடா சாமி என்று போனை மூடி வைத்திருப்பாள். சூர்யகலா மறுநாள் செல்லத்தாய் வீட்டுக்குப் போனாள். உள்ளே போகாமல் வாசல் நிலையில் நின்றாள்.

"மறுபடி எழுதப்போறேன். இந்தத் தடவ ஒங்கிட்டக் கேட்டுட்டுத்தான் எழுதுவேன். ஒம் பேரு வராது. பிள்ள மொகம் வராது. வேணாம்னா சொல்லு, இத்தோட விட்டுர்றேன்."

செல்லத்தாய் மாவுக்கட்டுக் காலை இரண்டு கையாலும் பிடித்து நகர்த்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். பிறகு, "மாத்திரையக்கூட விடு. அந்தப் படியில எம் மக நிக்கிறா. எழுது" என்றாள்.

இந்த முறை சூர்யகலா ஜீப்புக்குப் பின்னால் நின்று, வண்டி எண் தெரியும்படி படமெடுத்தாள். தெரிந்த தலைகளையெல்லாம் போனிலேயே விரலால் கறுப்பாகத் தேய்த்து மறைத்தாள். நாள், நேரம், எந்த ரோடு, அனுமதித்ததைப்போல இரண்டு மடங்கு ஆள். இவ்வளவுதான். மலைச்சாமியைப் பற்றி ஒரு அடைமொழிகூட இல்லை, அதற்குத்தான் அவள் ரொம்பப் பாடுபட வேண்டியிருந்தது. தனிச் செய்தியில் அனுப்பினாள்.

நன்றி, உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டது என்று பதில் வந்தது. நாலைந்து நாள் கழித்து இன்னொரு பதில் வந்தது. 'குறிப்பிட்ட வாகனம் மலைப்பாதைச் சோதனைச் சாவடியில் இன்று காலை தணிக்கை செய்யப்பட்டது. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கையிலான பயணிகளே இருந்தனர்.'

சூர்யகலா அதை இரண்டு தடவை படித்தாள். "புளுகுறாய்ங்க!" என்று எழுந்து நின்றாள். இன்று காலை அவளும் அதே ஜீப்பில்தானே போனாள்? படியில் முத்துப்பிரியா நின்றாளே! சாவடியில் நிறுத்தி எண்ணியிருந்தால் தன் கண்ணில் படாமல் எப்படிப் போகும்? அப்படி யோசித்துக்கொண்டே வந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சாவடியில் அவள் இல்லவே இல்லை.

இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். அந்தப் பெண்களுக்கே நினைப்பில் இல்லாத விஷயம் எனக்கு எங்கே நினைப்பு வரும்? அந்தப் பாதையில் அப்படியொரு பழக்கம். சாவடிக்கு ஒரு வளைவு கீழே ஜீப்பு நிற்கும். வண்டிக்கு அனுமதித்த ஆட்கள் மட்டும் உட்கார்ந்திருப்பார்கள். மிச்சப் பெண்கள் இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, புதருக்குள் போகிற ஒற்றையடிக் குறுக்குப்பாதையில் மூச்சிரைக்க ஏறி, சாவடிக்கு மேலே ரோட்டில் போய் நிற்பார்கள். ஜீப்பு வந்து அவர்களை மறுபடி அள்ளிக்கொள்ளும். வருஷக்கணக்காக நடப்பதுதான். பஸ்சில் ஏறினால் டிக்கெட் எடுப்பதைப் போல, ஜீப்பில் போனால் அங்கே இறங்கி ஏறுவது. யாரும் சொல்ல வேண்டியதில்லை, வண்டி நின்றால் கால் தானாக இறங்கும். போலீசுக்குத் தகவல் கொடுத்த சூர்யகலாவின் காலும் அன்று காலை தானாகத்தான் இறங்கியது. போலீசு எண்ணிக்கொண்டிருந்தபோது, புகார் கொடுத்தவள் தன் புகாருக்கான சாட்சியைத் தானே சுமந்துகொண்டு புதருக்குள் ஒளிந்து போய்க்கொண்டிருந்தாள்.

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, தன்னையே அறைந்துகொள்ளலாம் போலவும் இருந்தது. ஆனால் இரண்டையும் ஒத்திவைத்துவிட்டு உள்ளதை உள்ளபடி எழுதி, தன் போன் நம்பரையும் போட்டாள். 'நீங்கள் எண்ணியது சரி. மிச்சப் பேர் கீழ் வளைவில் இறங்கி நடந்துவிட்டோம். நானும்தான்.'

மறுநாள் மாலை ஒரு போன் வந்தது. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் ஏட்டம்மா வீரலட்சுமி பேசினாள்.

"அக்கா, ஒங்க செய்தியப் படிச்சிட்டு எங்க ஆபீசே சிரிச்சிருச்சு. கோவிச்சுக்காதீங்க" என்றாள்.

"சிரிங்க, சிரிங்க. கீழ் வளைவுல வந்து நின்னு புடிங்களேன் மேடம்."

"ஒரு நாள் வந்து நிப்போம். மறுநாள் இன்னொரு வளைவுல எறக்கி விடுவாங்க. நாங்க கண்ணால பாக்குறதத்தானக்கா எழுத முடியும்? ஏறுனவங்களே ஒளிஞ்சுக்கிட்டா நாங்க யார எண்ணுறது? ஒங்க பேரு எங்கயும் வராது, அதுக்கு நான் பொறுப்பு. ஆனா நீங்க எறங்காம உக்காந்து வரணும். அத ஒங்களுக்காக நான் செய்ய முடியாது."

அந்தக் கடைசி வார்த்தை சூர்யகலாவுக்குச் சுருக்கென்றது. சரியாகவும் பட்டது.

அடுத்த நாள் தோட்டத்தில் சாப்பாட்டு நேரத்தில், ஏலச்செடிகளுக்கு நடுவே வட்டமாக உட்கார்ந்திருந்தவர்களிடம் விஷயத்தை உடைத்தாள். சாவடியில் இறங்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் என்றாள். ஆளுக்காள் பாய்ந்தார்கள். எல்லாரிலும் சத்தம் அதிகம் பொன்னுமணிக்கு. அவள்தான் கூட்டத்தில் மூத்தவள். குறுக்குப்பாதை ஏறும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்பவளும் அவள்தான்.

"ஏஜென்ட்டு நாளைக்கே வேற ஆளக் கூட்டியாந்துட்டா நீயா சோறு போடுவ?"

"காயெல்லாம் பழுத்து நிக்கிதுக்கா. இந்த வாரம் விட்டா வெடிச்சுக் கொட்டிப்போகும். இந்த நேரத்துல எல்லாத் தோட்டத்துலயும் ஆளில்லாம அலையிறாங்க. நம்மள விட்டா அவனுக்கு எவ வருவா?" என்றாள் சூர்யகலா.

"மொகத்தப் படம் புடிச்சுப் போட்டா? ஏற்கெனவே நீ போட்ட லெச்சணந்தான் தெரியுமே" என்று இன்னொருத்தி குத்தினாள். முத்துப்பிரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

சூர்யகலா அதை வாங்கிக்கொண்டாள். "நான் போட்டது தப்பு. பிள்ளைகிட்ட எல்லாருக்கும் முன்னாடி சொல்றேன், தப்புதான். ஆனா போலீசு போடாது. மொகமும் பேரும் போடக்கூடாதுன்னு அவுக விதியிலயே இருக்கு. அந்த விதியாலதான் என் கமென்ட்டத் தூக்குனாங்க."

"அந்த விதியத்தான நீ வாய் வலிக்கத் திட்டுன?" என்றாள் பொன்னுமணி.

"படிக்கிறதுக்கு முன்னால திட்டுனேன்."

யாரும் சரி என்று சொல்லவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு காய் எடுக்கப் போனார்கள். முத்துப்பிரியா மட்டும் பக்கத்தில் வந்து, "அத்த, ஒங்க தூக்குவாளிய நான் கழுவியாறேன்" என்று வாங்கிக்கொண்டு போனாள். அந்த ஒரு வார்த்தைக்குச் சூர்யகலா எத்தனை நாளாகக் காத்திருந்தாள் என்பது அவளுக்குத்தான் தெரியும்.

சாயங்காலம் இறங்கியதும் பேச்சிமுத்துவிடம் நேராகவே சொன்னாள். முதுகுக்குப் பின்னால் செய்வது போதும் என்று பட்டது.

"பேச்சி, நாளைக்கு நாங்க கீழ் வளைவுல எறங்க மாட்டோம். ரெண்டு வண்டி கேளு."

"என்ன மதினி நீங்க! நான் என்ன ஓனரா? புடிச்சா எந் தலையிலதான விடியும்!"

"அன்னைக்குச் செல்லத்தாய் மேல லாரி ஏறியிருந்தாலும் ஒந் தலையிலதான்ப்பா விடிஞ்சிருக்கும். மலைச்சாமி தலையில இல்ல."

விழுந்தவளைத் தூக்கி வண்டியில் போட்டவன் பேச்சிமுத்துதான். மலைச்சாமிக்குப் போன் போட்டு இரண்டாவது வண்டி கேட்டான். அவளுகளா இறங்கமாட்டாளுக, போப்பா என்று அந்தப் பக்கம் சிரித்த சத்தம் சூர்யகலாவுக்கே கேட்டது.

மறுநாள் காலை சாரல் அடித்தது. எப்போதும் ஜீப்புக்குள் கேட்கிற கேலியும் பாட்டும் இல்லை. கீழ் வளைவு வந்தது. பேச்சிமுத்து வண்டியை நிறுத்தினான். கண்ணாடியில் பின்னால் பார்த்தான்.

"எறங்குறவங்க வெரசா எறங்குங்க" என்றான். அவன் குரலில் சுரத்தே இல்லை.

கால்கள் அசைந்தன. வருஷக்கணக்கான பழக்கம் லேசில் விடுமா? இரண்டு பேர் சேலைக் கொசுவத்தைக் கையில் பிடித்துவிட்டார்கள். இப்போது ஒருத்தி இறங்கினால் எல்லாரும் இறங்குவார்கள், அதற்குப் பிறகு எந்த ஜென்மத்திலும் இவர்களை உட்கார வைக்க முடியாது என்று சூர்யகலாவுக்குத் தோன்றியது. முன் இருக்கையின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

பொன்னுமணிதான் முதலில் வாயைத் திறந்தாள். "எனக்கு முட்டி வலிப்பா. இன்னைக்கு நடக்க முடியாது."

"எனக்கும் முட்டி வலி" என்றாள் அவள் மடியில் இருந்தவள். அவளுக்கு வயசு இருபத்தைந்துகூட இருக்காது. படியில் நின்றவர்களுக்கும் வரிசையாக முட்டி வலி வந்தது. பின்னால் நின்ற ஜீப்புக்காரன் ஹாரனை அலறவிட்டான். பேச்சிமுத்து ஸ்டியரிங் மேல் நெற்றியை ஒரு நிமிஷம் வைத்தான். பிறகு கியரைப் போட்டு, எல்லாரையும் ஏற்றியபடியே வளைவைத் திரும்பினான்.

சாவடியில் நின்ற போலீஸ்காரர் ஜன்னல் வழியாக எண்ணத் தொடங்கி, மடியில் இருந்தவர்களிடம் வந்ததும் கணக்கு விட்டு, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். படியில் இருந்தவர்களைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். எல்லாரையும் இறங்கச் சொன்னார். பேச்சிமுத்துவுக்கு அபராதம் எழுதினார். அனுமதித்த ஆட்கள் மட்டும் ஏறிப் போகலாம், மற்றவர்களுக்கு வேறு வண்டி வர வேண்டும் என்றார்.

பேச்சிமுத்து மலைச்சாமியைக் கூப்பிட்டு, போனில் ஸ்பீக்கரைப் போட்டான். வேண்டுமென்றே போட்டானா, பதற்றத்தில் கை பட்டதா என்பது இன்றுவரை தெருவில் தீராத விவகாரம்.

"அவளுகள எப்பயும் போலப் பொதருக்குள்ள நடந்து அந்தப் பக்கம் வரச் சொல்லுடா! அங்க நின்னு ஏத்திக்கோ!" என்று மலைச்சாமியின் குரல் சாவடி முழுக்க ஒலித்தது. போலீஸ்காரர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு, அவன் பெயரையும் விலாசத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

ஏறிப் போகலாம் என்று அனுமதி கிடைத்தவர்களும் ஏறவில்லை. போனால் எல்லாரும் போவோம் என்று பொன்னுமணி ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தாள், மற்றவர்களும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். சாரல் நனைத்தது. ஒரு நாள் சோலி போகப்போகிறது, நாளைக்கு என்ன ஆகுமோ என்று எல்லார் முகத்திலும் பயம் இருந்தது. சூர்யகலாவுக்கும் இருந்தது. குறுக்குப்பாதை எதிரேதான் திறந்து கிடந்தது. ஒருத்தியும் அந்தப் பக்கம் போகவில்லை.

வெயில் வந்த பிறகு கீழேயிருந்து இன்னொரு ஜீப்பு உறுமிக்கொண்டு ஏறி வந்தது. முன் இருக்கையில் மலைச்சாமி, முகம் கடுகடுவென்று. தோட்டத்திலிருந்து அவனை வறுத்தெடுத்திருப்பார்கள். யார் முகத்தையும் பார்க்காமல், "ஏறித் தொலைங்க" என்றான்.

இரண்டு வண்டியாகப் பிரிந்து ஏறினார்கள். யார் மடியிலும் யாரும் இல்லை. படியில் ஒருவரும் இல்லை. சூர்யகலா புது ஜீப்பில் ஏறி, ஜன்னலோர இடத்தைக் கையால் தட்டி முத்துப்பிரியாவைக் கூப்பிட்டாள்.

"வாத்தா. இன்னைக்கும் வாந்தி வருமா?"

முத்துப்பிரியா வெட்கத்தோடு சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். தூக்குவாளியை மடியில் வைத்தாள். கம்பியைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கையில் காய்ப்பு ஏறியிருந்தது. அந்தக் கைகளை என்ன செய்வதென்று தெரியாதவள்போலக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி கிளம்பி முதல் வளைவு திரும்புவதற்குள் சூர்யகலாவின் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். படியில் நிற்கிறவர்கள் கண்ணை மூட முடியாது. அந்தப் பிள்ளை இத்தனை நாள் காலை ஒன்றுவிடாமல் கண்ணைத் திறந்துகொண்டே மலை ஏறியிருக்கிறாள் என்பது சூர்யகலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தோட்டம் வந்து சேரும்வரை அவள் தோளை அசைக்கவே இல்லை.